தாழாத வள்ளம்

சுவர் கடலுக்குப் போவதில்லை. இந்தச் சின்ன விடயம் என் அண்ணனின் மண்டைக்குள் போயிருந்தால் எங்கள் வீட்டில் ஒரு மாரிகாலம் நிம்மதியாகக் கழிந்திருக்கும்.

அண்ணன் கட்டார் நாட்டில் வேலை செய்தவர். அங்கே மீனும் இறைச்சியும் வைக்கிற பெரிய குளிரறைகளின் சுவருக்குள் ஃபோம் நிரப்புகிற வேலை. இரண்டு திரவத்தைக் கலந்து ஊற்றினால் அது நுரைத்துப் பொங்கி, இடுக்கெல்லாம் நிரம்பி, பிறகு அடுப்பில் வெந்து காய்ந்த பாண் மாதிரி இறுகிவிடும். இளமை முழுவதையும் அதற்குள் ஊற்றிவிட்டு வந்ததாலோ என்னவோ, உலகத்தில் உள்ள எல்லாக் குறைக்கும் ஃபோம்தான் மருந்து என்று நம்பினார். ஊருக்கு வந்ததும் செய்த முதல் வேலை, தன் வீட்டுத் தகரக் கூரைக்கு அடியில் ஃபோம் ஒட்டியது. வெக்கை குறைந்தது உண்மைதான். அதற்குள் எலி குடிவந்ததும் உண்மைதான். இரண்டாவதை அவர் யாருக்கும் சொல்வதில்லை.

என் புருசன் இறக்கக்கண்டியில் கடல்தொழில் செய்கிறவர். அவருடைய பழைய வள்ளத்தின் அடி பாறையில் கிழிந்து, ஒட்டிய இடமே திரும்பத் திரும்பப் பிரிந்து, கடைசியில் அது கரையில் கோழி அடைக்கிற கூடாகப் போனது. அதற்குப் பிறகு மற்றவர்களின் வள்ளத்தில் ஆளாகப் போய் வந்தார். அண்ணனால் அதைத் தாங்க முடியவில்லை. தங்கச்சியின் புருசன் ஊரான் வள்ளத்தில் கூலிக்குப் போவது தனக்கு வெட்கமாம். ஒரு நாள் காலையில் வந்து முற்றத்தில் நின்றபடியே, "நான் ஒரு வள்ளம் கட்டுறன், மச்சான். நீங்கள் ஓடுங்கோ" என்றார். என் புருசன் தலையை ஆட்டினார். ஆண்டவன் அவருக்குக் கழுத்தைக் கொடுத்ததே என் அண்ணன் சொல்வதற்கெல்லாம் தலையாட்டத்தான் என்று நான் பல தடவை நினைத்திருக்கிறேன்.

வள்ளம் கட்டப்போகும் இடம் எங்கள் முற்றம். அதை அவர் கேட்கவில்லை, சொன்னார். அந்த வீடு எனக்குச் சீதனமாக அவர் கட்டித் தந்தது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குக் கலியாணம் பேசினால் முதல் கேள்வியே வீடுதான். தகப்பனால் ஏலாமல் போனால் அது அண்ணன்தம்பியின் தலையில் விழும். அப்பா நேரத்தோடு செத்துப் போய்விட்டதால் என் அண்ணனின் தலையில் விழுந்தது. வெயிலில் கிடந்து கருகி அதைக் கட்டினார். ஒரு நாளும் வாய்விட்டுச் சொல்லிக் காட்டியதில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. வந்தால் வேலிப் படலையில் நின்று கூப்பிடமாட்டார். நேரே குசினிக்குள் போய்ச் சட்டி மூடியைத் திறந்து என்ன கறி என்று பார்ப்பார். பிறகு சுவரில் கையால் தட்டிப் பார்த்துவிட்டுக் கதிரையில் இருப்பார்.

வள்ளம் கட்டும் வித்தையை அவர் கைத்தொலைபேசியில் வீடியோ பார்த்துப் படித்தார். எங்கேயோ ஒரு குளத்தில் விளையாட்டுக்குத் தூண்டில் போடுகிற ஒரு வெள்ளைக்காரன் தன் வீட்டு வளவில் பலகை வெட்டி, ஒட்டி, ஃபைபர் சுற்றி வள்ளம் செய்கிறான். அந்த மனுசன் குளிக்கிற தண்ணீரில் ஓடுவதற்குச் செய்ததை என் அண்ணன் வங்காள விரிகுடாவுக்குச் செய்யப் புறப்பட்டார். இறக்கக்கண்டிக் கரையில் வள்ளம் கட்டத் தெரிந்தவர்கள் இல்லாமலில்லை. அவர்களிடம் கேட்டால் கௌரவம் என்னத்துக்காகும்? கெடுகுடி சொற்கேளாது என்று சும்மாவா சொன்னார்கள்.

பலகை வந்தது, ரெசின் பசை வந்தது. அந்த நாற்றம் எங்கள் சோற்றுக்குள்ளும் வந்தது. கொடியில் காய்ந்த உடுப்பிலும் அதே மணம். என் புருசன் கடலுக்குப் போகாத நேரமெல்லாம் அண்ணனுக்கு எடுபிடி. பலகையின் நுனியைப் பிடி என்றால் பிடிப்பார், தூரிகையைத் தா என்றால் கொடுப்பார். பிறந்தது முதல் கடலில் கிடந்த மனுசன், ஒரு குளிரறைக்காரனுக்குத் தூரிகை கழுவிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஒரேயொரு தடவை அவர் வாயைத் திறந்தார். வள்ளத்தின் அடிக்கும் நாம் மிதிக்கிற தட்டுக்கும் இடையில் வெறும் இடம் இருக்கும். குறுக்குச் சட்டங்கள் அதை அறை அறையாகப் பிரிக்கும். ஒவ்வொரு சட்டத்தின் அடியிலும் விரல் போகிற அளவுக்கு ஒரு துளை விடுவார்கள். எந்த அறையில் தண்ணீர் இறங்கினாலும் அது துளை துளையாக ஓடிப் பின்பக்கம் சேரும். பின்பலகையின் அடியில் ஒரு தக்கை. வள்ளத்தைக் கரைக்கு இழுத்ததும் தக்கையைப் பிடுங்கிவிட்டால் எல்லாம் வடிந்துவிடும். வள்ளம் மூத்திரம் பெய்யுது என்று கரையில் பகிடியாகச் சொல்வார்கள். மழைத் தண்ணீர், அலைத் தண்ணீர், வலையில் வடிகிற தண்ணீர் என்று வள்ளத்துக்குள் தண்ணீர் வராத நாளில்லை. அது வருவதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை, போக வழி இருந்தால் சரி.

"சட்டத்துக்குத் துளை போடேல்லையே, மச்சான்" என்று என் புருசன் மெதுவாகக் கேட்டார்.

அண்ணன் சிரித்தார். "துளை வைச்சாத்தானே தண்ணி வரும். உள்ளுக்கு முழுக்க நான் ஃபோம் ஊத்தப்போறன். இடமே இல்லாத இடத்துக்குத் தண்ணி எப்பிடிப் போகும், சொல்லுங்கோ பாப்பம்?"

"தக்கை?"

"வடியிறதுக்குத் தண்ணி இருந்தாத்தானே தக்கை."

இனிச் சாப்பிடப்போவதில்லை என்று சொல்லிக் கக்கூசு இல்லாமல் வீடு கட்டியவனின் நியாயம் இது. என் புருசன், "ஓம், அதுவும் சரிதான்" என்றார். நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். துருவலை முகத்தில் வீச வேண்டும் போல இருந்தது. யாருடைய முகத்தில் என்பதுதான் முடிவாகவில்லை.

ஃபோம் ஊற்றிய நாள் எங்கள் ஒழுங்கையில் இருக்கிற வீட்டுச் சனம் முழுவதும் முற்றத்தில் நின்றது. அண்ணன் முகத்துக்குத் துணி கட்டிக்கொண்டு, இரண்டு வாளியையும் கலந்து, அறை அறையாக ஊற்றினார். அது பொங்கி மேலே வர வர, பால் பொங்குவதைப் பார்ப்பது மாதிரி எல்லாரும் பார்த்தார்கள். கடைசி அறைகளுக்குச் சாமான் போதவில்லை. அதற்கெல்லாம் அசருகிற ஆளா அவர்? உடைந்த மீன் பெட்டியின் வெள்ளை மணிமணியான ரெஜிபோமும், தொலைக்காட்சிப் பெட்டிக்குள் வந்த ரெஜிபோமும் பொறுக்கி வரச் சொல்லி, அதை உடைத்துத் திணித்து, மேலே ஃபைபர் துணியை விரித்து ரெசினைப் பூசினார். ரெசின் பட்ட இடத்தில் ரெஜிபோம் சீனி மாதிரிக் கரைந்து உள்ளே போனது. பூசிய துணி பள்ளமாய் விழுந்தது. சனம் அதற்குள் கலைந்திருந்தது, நான் மட்டும் பார்த்தேன். அவர் நான் பார்த்ததைக் கண்டுவிட்டு, "அது இறுகி செற் ஆகுது" என்றார். இன்னொரு துணியை அவசரமாக மேலே போட்டுப் பள்ளத்தை மூடினார். சுவருக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் திறந்து பார்ப்பதில்லை. கட்டாரில் அவர் கற்றுக்கொண்ட உருப்படியான பாடம் அதுதான் போல.

தட்டு அடித்து முடிந்ததும், அதற்கு நடுவில் ஒரு கதிரையைக் கொண்டுவந்து திருகாணி போட்டு இறுக்கினார். சுழல்கிற கதிரை. அந்த வெள்ளைக்காரனின் வள்ளத்தில் அப்படியொன்று இருந்ததாம். பங்குனியில் வள்ளத்தைக் கடலில் இறக்கியபோது தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, அண்ணன் அந்தக் கதிரையில் ஏறி இருந்து படம் எடுப்பித்தார். கட்டாரில் இருக்கிற சிநேகிதர்களுக்கு அனுப்பத்தான். வள்ளம் கழுத்தளவு ஆழத்துக்குப் போய்த் திரும்பி வந்தது. அவர் அந்த வள்ளத்தில் போன கடல் அவ்வளவுதான்.

கதிரை வலை இழுக்க இடைஞ்சல் என்று இரண்டாம் நாளே என் புருசன் கழற்றிவிட்டார். கதிரை போனது. திருகாணி போட்ட துளைகள் தட்டில் இருந்தன. அவற்றை அவர் பசையால் அடைத்தார், வெயிலில் பசை விட்டது. திரும்ப அடைத்தார். அதுவும் விட்டது.

முதல் மாதங்களில் வள்ளம் நன்றாகத்தான் ஓடியது. இல்லையென்று சொன்னால் பொய். தக்கை மாதிரி மேலே மிதந்தது. அண்ணன் பக்கப்பலகையில் சிவப்புப் பெயின்றால் ஒரு கோடு இழுத்து, தண்ணீர் ஒரு நாளும் இந்தக் கோட்டைத் தொடாது என்று கரையில் நின்று சொன்னார். "இது தாழாத வள்ளம். வெட்டித் துண்டு துண்டாப் போட்டாலும் ஒவ்வொரு துண்டும் மிதக்கும்." துண்டு மிதந்து என்ன பயன், அதில் நிற்கிற மனுசனும் துண்டாக மிதக்க வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. வெளிநாட்டுக்காரன் வாயிலிருந்து வந்தால் எங்கள் கரைக்கு அது வேதம்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம். வள்ளம் கரைக்கு வந்தால், அந்த நேரத்தில் கரையில் நிற்கிற எவரும் வந்து கைகொடுத்துத் தள்ளுவார்கள். தள்ளியவனுக்குக் கறிக்கு மீன் கொடுக்க வேண்டும். யாரும் கேட்பதுமில்லை, கொடுப்பவர் எண்ணுவதுமில்லை. சுமையான வள்ளத்துக்கு அதிகம் பேர் வேண்டும், லேசான வள்ளத்துக்குக் குறைவு. அது கண்ணால் பார்த்தால் தெரியும்.

தாழாத வள்ளத்துக்கு வைகாசியில் நாலைந்து பேர் போதும். ஆடி வந்தபோது அது அசைய மறுத்தது. இன்னும் ஆட்களைக் கூப்பிட்டார்கள். ஆவணியில் பக்கத்து வள்ளத்து ஆட்களும் வந்து தோள் கொடுக்க வேண்டியிருந்தது. மீனின் பாரமில்லை, எஞ்சினைக் கழற்றிய பிறகும் அதே பாரம். தள்ளியவர்கள், "வள்ளம் கனக்குது" என்று வெளிப்படையாகவே சொன்னார்கள்.

என் அண்ணனுக்கு விளங்கியது வேறு. மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்று, தள்ளுகிற ஆட்களைத்தான் பார்த்தார். "பாத்தனியா, தங்கச்சி. தள்ள வேண்டியது நாலு பேர். நிக்கிறது ஊர் முழுக்க. எல்லாம் கறி மீனுக்கு. ஒருத்தன் தள்ளுறான், மற்றவன் சும்மா கைய வைச்சுக்கொண்டு நிக்கிறான். கனக்குதாம், கனக்குது. கை வைக்கிறதுக்கு ஒரு காரணம் வேணுமே."

வள்ளம் சொன்ன உண்மையை அவர் மனுசரின் பேராசையாக வாசித்தார். இதைவிடச் சுத்தமாக ஒருவர் குருடாக இருக்க முடியாது. அடுத்த நாள் கரைக்கு வந்து, இனி இந்த வள்ளத்துக்குக் கறி மீன் இல்லை என்று உரத்துச் சொன்னார். கேட்டவர்கள் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து போனார்கள். அதற்குப் பிறகு வள்ளம் வந்தால் எல்லாரும் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் புருசன் தன் பங்கிலிருந்து மீனை எடுத்து, பின்னேரங்களில் ஒவ்வொரு வீட்டுப் படலையிலும் வைத்துவிட்டு வந்தார். கள்ளன் மாதிரிப் பதுங்கிப் பதுங்கி. தன் மீனைத் தானே ஒளித்துக் கொடுத்த ஒரே மனுசன் இவராகத்தான் இருப்பார்.

தள்ள ஆளில்லாததால் அண்ணன் புதிய வழி சொன்னார். வள்ளத்தைக் கரைக்கு இழுக்கவே வேண்டாம். பாலத்தடியில், களப்பு கடலோடு சேருகிற இடத்தில், நங்கூரம் போட்டுத் தண்ணீரிலேயே விட்டுவிடலாம். இப்போது வள்ளம் இரவும் பகலும் தண்ணீரில். குடிகாரனைக் கள்ளுத் தவறணையிலேயே படுக்கப் போட்டது போல.

புரட்டாதியில் தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட்டது. சில நாளில் கோட்டைக் காணவில்லை. அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? பெயின்ற் வாளியோடு வந்து, பழைய கோட்டுக்கு ஒரு சாண் மேலே புதுக்கோடு இழுத்தார். முதல் கோடு அவசரத்தில் கீழே தள்ளி இழுத்ததாம். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்று நினைக்குமாம். என் அண்ணனைப் போலத் தூரிகையைக் கையில் எடுத்த பூனையை நான் கேள்விப்படவில்லை.

என் புருசனோடு அந்த வள்ளத்தில் தொழிலுக்குப் போனவர் எங்கள் பக்கத்து ஒழுங்கையில் இருக்கிற ஒரு முஸ்லிம் மனுசன். என்னைவிட மூத்தவர், நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். ஒரு நாள் படலையில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"தங்கச்சி, நான் இனி அந்த வள்ளத்துல போக மாட்டன். அது தண்ணி குடிச்சிரிக்கு. தட்டுக்குக் கீழ போன தண்ணி வெளிய வர வழியில்ல. உள்ளுக்குப் போட்டிரிக்கிற சாமான் பஞ்சு மாதிரி ஊறிப் போயிரிக்கு. எனக்குச் சின்னப் புள்ளைகள் இரிக்கி."

"அவரிட்டச் சொன்னீங்களா, நானா?"

"சொன்னன். பாப்பம் எண்டார்."

என் புருசன் 'பாப்பம்' என்றால் அதற்கு மேல் பார்க்க ஒன்றும் இல்லை என்று அர்த்தம். அன்று இரவுச் சாப்பாட்டின்போது நானும் கேட்டேன், எனக்கும் அதே பாப்பம்தான் கிடைத்தது. இந்த மனுசனுக்கு முதுகெலும்புக்குப் பதிலாகவும் அண்ணன் ஃபோம்தான் ஊற்றியிருக்கிறார் என்று எனக்குப் பட்டது. அதைச் சொல்லவும் செய்தேன். அவர் கையைக் கழுவிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

நான் அண்ணனிடமே போனேன். அவர் ஒரு ஃபோம் துண்டை எடுத்து, தண்ணீர் நிரம்பிய பாத்திரத்துக்குள் போட்டுக் காட்டினார். அது மிதந்தது. "பார். ஃபோம் தண்ணி குடிக்காது" என்றார். அந்தத் துண்டை நான் வீட்டுக்குக் கொண்டுவந்து, கிணற்றடியில் ஒரு வாளித் தண்ணீருக்குள் அம்மிக்குழவியை மேலே வைத்து அமுக்கிவிட்டேன். சில கிழமை கழித்து எடுத்தபோது கையில் கனத்தது. பிழிந்தேன், தண்ணீர் வடிந்தது. அதை அப்படியே கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது வெட்டின துண்டு. வெட்டின பக்கத்தால குடிச்சிருக்கும். வள்ளத்துக்குள்ள இருக்கிறதை ஆர் வெட்டினது?"

"கதிரைக்குத் திருகாணி போட்டது ஆர், அண்ணா?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "வாடைக்காத்து துவங்க முதல் ஒருக்காத் திறந்து பாப்பம்" என்றார். என் வீட்டிலும் பாப்பம், அவர் வீட்டிலும் பாப்பம். இரண்டு பாப்பத்துக்கும் நடுவில் என் தாலி.

வாடை அவர் திறந்து பார்ப்பதற்காகக் காத்திருக்கவில்லை. ஐப்பசிக் கடைசியில் இரவிரவாக மழை கொட்டியது. விடிந்தபோது விட்டிருந்தது, ஆனால் கடல் இரைந்துகொண்டிருந்தது. என் புருசன் எண்ணெய்க் கானைத் தூக்கினார். நான் வாசலில் குறுக்கே நின்றேன்.

"இண்டைக்குப் போகாதேங்கோ."

"வலை கடலுக்க கிடக்கு. எடுத்துப்போட்டு வாறன்."

"தனியப் போறியள். அந்த வள்ளம் தாழும். தெரிஞ்சுகொண்டு போறியளோ?"

அவர் என்னை விலக்கவில்லை. நான் விலகும்வரை நின்றார். அடுப்பில் சோறு கொதித்து வழிகிற சத்தம் கேட்டு நான் ஒரு நிமிடம் திரும்பினேன், அதற்குள் போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில், போய்த் தொலையட்டும் என்றே வாய்க்குள் சொன்னேன். சொன்ன வாயோடு சாமிப்படத்துக்கு முன்னால் போய் நின்றேன்.

வெயில் ஏறிய பிறகு பக்கத்து வீட்டுப் பெண் ஓடிவந்தாள். வள்ளம் கவிழ்ந்துவிட்டது, ஆளை நானா இப்போது தொழிலுக்குப் போகிற வள்ளம் ஏற்றி வருகிறது, உயிரோடுதான் என்று ஒரே மூச்சில் சொன்னாள். உயிரோடு என்பதை முதலில் சொல்லியிருக்கலாம். நான் கரைக்கு எப்படிப் போனேன் என்று எனக்குத் தெரியாது. செருப்பு ஒழுங்கையில் கிடந்ததாகப் பிறகு யாரோ எடுத்துவந்து தந்தார்கள்.

அவர் யாருடையதோ காய்ந்த சாரத்தைச் சுற்றிக்கொண்டு மணலில் இருந்தார். கையில் தேத்தண்ணிக் கோப்பை. உதடு நீலம் பாரித்திருந்தது, உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது. வலையைப் பாதி இழுத்தபோது பின்பக்கமாக ஒரு அலை ஏறியது. தட்டுக்கு மேலே நின்ற தண்ணீரை அவர் வாளியால் இறைக்க இறைக்க, இரண்டாவது அலை ஏறியது. மூன்றாவதில் வள்ளம் பக்கம் சாய்ந்து அடி மேலாகத் திரும்பிவிட்டது. அண்ணன் ஃபோம் முழுவதையும் காலுக்குக் கீழேதான் ஊற்றியிருந்தார், பக்கங்களில் ஒரு துண்டும் இல்லை. மிதக்கிற சாமான் மேலே வரத்தானே பார்க்கும். வழுக்குகிற அடியில் பிடிக்க ஒன்றும் இல்லாமல், எஞ்சினின் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார். வலையோடு திரும்பிக்கொண்டிருந்த நானா கண்டது அவருடைய நல்ல காலமா, என்னுடையதா தெரியாது.

எனக்கு முதலில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. பிறகு அவருடைய தலையைத் துவட்டினேன். துவட்டும்போதுதான் அழுதேன்.

வள்ளத்தை இரண்டு வள்ளங்கள் சேர்ந்து கட்டி இழுத்து வந்தன. கறி மீன் இல்லை என்று துரத்தப்பட்ட அத்தனை பேரும் கயிற்றில் நின்றார்கள். எவ்வளவு இழுத்தும் அது கரையேற மறுத்தது. பாதி தண்ணீரிலும் பாதி மணலிலுமாக விட்டார்கள். அந்த நேரம்தான் அண்ணன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். என் புருசனின் தோளில் கை வைத்தார். கண் கலங்கியிருந்தது, அதை நான் மறைக்கப்போவதில்லை. கலங்கிய கண்ணோடே வள்ளத்தைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "பாத்தியளோ. கவிண்டது, ஆனாத் தாழேல்ல. ஃபோம் இல்லாட்டி இண்டைக்குப் பிடிச்சுக்கொண்டு கிடக்க ஒண்டும் இருந்திராது."

குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள். கரை முழுவதும் அவரையே பார்த்தது. என் புருசன், "ஓம், மச்சான்" என்றார்.

நானா வள்ளத்தடிக்குப் போனார். பலகை அறுக்கிற வாளொன்றை எடுத்து வள்ளத்தின் அடியை அறுத்தார். அறுத்த இடத்தால் தண்ணீர் வந்தது. வந்துகொண்டே இருந்தது. பிறகு ஃபோமைக் கட்டி கட்டியாக வெளியே எடுத்துப் போட்டார்கள். வெள்ளையாய் உள்ளே போனது சாயத் தேத்தண்ணி நிறத்தில் வெளியே வந்தது. கடைசி அறைகளில் ஃபோமும் இல்லை, ரெஜிபோமும் இல்லை. தண்ணீர் மட்டும்தான். அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனார். மணலில் அதை ஓட்ட ஏலாது.

அன்று பின்னேரம் என் புருசனுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டு குசினியில் இருந்தேன். உள்ளங்கையில் மருந்து போட்டிருந்ததால் நான்தான் ஊட்ட வேண்டியிருந்தது.

"வள்ளம் தண்ணி குடிச்சிருக்கெண்டு உங்களுக்குத் தெரியாதோ?" என்று கேட்டேன்.

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"ஆடிக்கு முதலே. ஓடேக்கை தெரியும். வளைஞ்சா நிமிர நேரம் எடுக்கும்."

"பிறகேன் போனனீங்கள்? ஒரு சொல்லு அண்ணாட்டச் சொல்லியிருந்தா என்ன?"

அவர் கஞ்சியை விழுங்கினார். சுவரைப் பார்த்தார். எனக்குக் கோபம் வரக்கூடாதே என்று நினைத்தாரோ என்னவோ, மிகவும் மெதுவாகத்தான் சொன்னார்.

"மச்சான் கட்டித் தந்த வீட்டில படுத்தெழும்பிக்கொண்டு, மச்சான் கட்டின வள்ளம் தாழும் எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது?"

இவரைக் கோழை என்று வருடக்கணக்காக மனதுக்குள் திட்டி வந்தவள் நான். அந்த வீட்டுக்குள் அவர் ஒரு நாளாவது காலை நீட்டி, கண்ணை மூடி, தன் வீடு என்று படுத்திருக்கிறாரா என்று யோசித்தேன். எனக்கு நினைவில்லை. மழைக்குக் கூரை ஒழுகினால்கூட அண்ணனிடம் கேட்டுவிட்டுத்தான் ஓடு மாற்றுவார். என் அண்ணன் மேல் எனக்கு எவ்வளவு இளக்காரம் இருந்ததோ, அதைவிட அதிகமாக அந்தச் சுவர்கள் மேல் வந்தது. இரண்டு மடங்கு வெறுப்போடு என் சீதனத்துக்குள் நான் இருந்தேன்.

காலையில் எழுந்தபோது முற்றத்தில் சத்தம் கேட்டது. அண்ணன். படலையைத் திறந்து நேரே வந்துவிட்டார். கையில் அளக்கிற டேப். இந்தத் தடவை பக்கங்களிலும் ஃபோம், அடியில் துளை, தக்கை, எல்லாம் வைத்து இன்னும் நீளமாகக் கட்டப்போகிறாராம். முந்தினது சின்னதாய்ப் போனதுதான் பிழையாம். முற்றம் போதுமா என்று அளந்துகொண்டிருந்தார். டேப்பின் மறு நுனியைப் பிடித்துக்கொண்டு வேலியடியில் நின்றது என் புருசன். உரிந்த உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தது. விரல் நுனியால் பிடித்திருந்தார்.

நான் படியிறங்கி இருவருக்கும் நடுவில் போய் நின்றேன். டேப் என் வயிற்றில் முட்டியது.

"தள்ளு, தங்கச்சி. அளக்கிறம்" என்றார் அண்ணன்.

"வீடு நீங்கள் தந்தது, அண்ணா" என்றேன். "வேணுமெண்டா எடுத்துக்கொண்டு போங்கோ. நாங்கள் கரையில ஒரு கொட்டில் போட்டுக்கொண்டு இருப்பம். மனுசனை நீங்கள் தரேல்ல."

அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு என் தலைக்கு மேலால் என் புருசனைப் பார்த்தார், வழக்கமான தலையாட்டலுக்காக. நானும் திரும்பினேன். என் புருசன் தலையாட்டவில்லை. அண்ணனையும் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். விரலை விரித்தார். டேப்பின் நுனி மணலில் விழுந்து, என் காலடியால் சரசரவென்று ஓடி, அண்ணனின் கைக்குள் போய்ச் சுருண்டது.